நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு கிரகம்

உக்காருங்கக்கா. அந்தக் கோணிய இழுத்துப் போட்டுக்குங்க, தரை சில்லுனு இருக்கும். எழுந்திருக்க முடியல, கையெல்லாம் புளி. இல்ல இல்ல, நீங்க தொடாதீங்க. நகக்கண்ணுல ஏறிச்சுன்னா சாயந்தரம் வரைக்கும் எரியும். எனக்குப் பழகிடுச்சு. ஓட்டைத் தட்டிட்டு, நாரை இழுத்துட்டு, அருவாமணையில ஒரு கீறு கீறினா கொட்டை தானா வெளிய வந்துடும். வாய் பேசாததுக்கெல்லாம் சேத்து இவ கை பேசுதுன்னு சமையல்கார முனிரத்தினம் அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. நிஜம்தான்க்கா. இந்த கெஸ்ட் ஹவுஸுக்கு வர்றவங்க பேரக் கேட்டாக்கூட நான் பாதிய முழுங்கிட்டுத்தான் சொல்லுவேன். ஜெயக்கொடி. ஆங், ஜெயக்கொடி.

நைட்டெல்லாம் டெலஸ்கோப்ல முழிச்சிருந்துட்டு தூங்காம வந்துட்டீங்களே. டீ எடுத்துக்குங்க, அந்த மூடி போட்ட டம்ளர்.

மத்தியானத்துக்குள்ள இத்தனையும் முடிச்சு, உப்புப் போட்டு, பானையில அடைச்சாகணும். நான் கீழ போறேன் இல்ல. பிரசவம் ஆகி, குழந்தை கொஞ்சம் தேறி வர்ற வரைக்கும் கீழ டவுன்லதான் இருக்கணுமாம். அவரு முடிவு பண்ணிட்டாரு. இன்னிக்கு ஜீப்பு சாமான் எடுக்கக் கீழ போவுது, அதுலயே என்னயும் ஏத்திக்கிட்டுப் போறாரு. அவருன்னா, நேத்து உங்கள ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வந்தாரே, டிரைவரு, அவருதான். வேடியப்பன், வேடியப்பன்னு நீங்கல்லாம் கூப்பிடுவீங்க. நான் சொல்ல மாட்டேன்.

என்னக்கா?

ஒரே பொண்ணுன்னு அவரு சொன்னாரா. வண்டியில வர்றப்ப கேட்டீங்களா.

பாருங்க, நாரு பாதியில அறுந்துடுச்சு. இது இப்படித்தான், காஞ்ச பழமா இருந்தா அறுந்துடும்.

ஆமாக்கா. மோனிஷான்னு பேரு. அங்கன்வாடிக்குப் போயிருக்குது. உங்ககிட்ட சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. யாரு கேட்டாலும் அவரு அப்படித்தான் சொல்லுவாரு. ரேஷன் கடையில கேட்டாலும் ஒண்ணு, நர்ஸம்மா வந்து கேட்டாலும் ஒண்ணு. இதோ வயித்துல இருக்கறது ரெண்டாவதுன்னு சொல்லுவாரு. நான் மூணாவதுன்னு சொல்லுவேன். வாயத் தொறந்து இல்ல, மனசுக்குள்ள. நடுவுல ஒரு பையன் இருந்தான்க்கா.

பேரு வெக்கல. எங்க வீட்டுல தவழ ஆரம்பிச்சாத்தான் பேரு வெப்பாங்க, அதுவரைக்கும் தம்பி, பாப்பான்னு ஏதாவது கூப்பிட்டுக்குவோம். அதுக்குள்ள போயிட்டான். பேரு வெக்காத குழந்தைக்குக் கருமாதி கிடையாது, படையல் கிடையாது, ஒரு போட்டோகூட இல்ல. எங்க நாத்தனாரு, மாதம்மா அண்ணி, அவருக்கு நேர் மூத்தவங்க. அவங்க சொன்னாங்க, "பேர் வெக்காததக் கணக்குல சேக்காத ஜெயக்கொடி, அடுத்தது தங்காது"ன்னு. சரின்னு விட்டுட்டேன். அவங்க சொன்னா நான் சரின்னுதான் சொல்லுவேன், எனக்கு எதுத்துப் பேச வராது. ஆனா அவங்கதான் சொன்னாங்கன்னா, பெத்தவரும் அப்படியே சொல்லணுமா?

நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். எனக்கு அதிகம் தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். அவரு என் மேலதான் கோவமா இருக்காரு. பையன நான் ஒழுங்கா பாத்துக்கலன்னு. வாய்விட்டுச் சொன்னா நானும் ஒரு பாட்டம் அழுதுட்டு விட்டுடுவேன். சொல்லவே மாட்டேங்கறாரு.

அவன் பொறந்தது மார்கழி. போன மார்கழிக்கு முந்தின மார்கழி. நீங்க இந்த மாசியிலயே ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க, மார்கழியில வந்து பாக்கணும். காலையில வாசலுக்கு வந்தா எதிர்வீடு தெரியாது, பனி அப்படி மூடிக்கும். ஆஸ்பத்திரியில பொறந்தான், நல்ல எடை. துணியில சுத்தி ஜீப்புல அவரே ஓட்டிட்டு வந்தாரு. அன்னிக்கு அவரு வண்டிய ஓட்டின ஓட்டம் இருக்கே, மாட்டு வண்டிகூட எங்கள முந்திட்டுப் போயிருக்கும். "ஏங்க, இப்படிப் போனா பையன் வண்டியிலயே தவழ ஆரம்பிச்சிடுவான்"ன்னேன். நான்தான் சொன்னேன்க்கா, நம்புங்க. அவரு சிரிச்சாரு. அப்பல்லாம் நான் ஏதாவது சொன்னா சிரிப்பாரு.

எங்க பக்கம் பெத்தவளயும் பிள்ளையயும் கணப்புகிட்டதான் படுக்க வெப்பாங்க. கணப்புச் சட்டி பாத்திருக்கீங்களா? மண் சட்டிதான், உள்ள கரி போட்டு தணல் ஆக்கி, கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சிடுவாங்க. எங்கம்மா எனக்குச் சீர் குடுத்தப்ப பாத்திரத்தோட அதையும் வெச்சுக் குடுத்தாங்க, மலையில குடுத்தனம் பண்ணப் போறவ இல்லையான்னு. மோனிஷாவும் அதுகிட்ட வளந்தவதான். அவளுக்கு ஒண்ணும் ஆகலயே. ஆனா மோனிஷா பொறந்தப்ப அவருக்கு வேலை ஜாஸ்தி, வீட்டுல நிக்கவே மாட்டாரு, கணப்பு பாதி நேரம் அணைஞ்சுதான் கிடக்கும். பையனுக்கு லீவு போட்டுட்டுக் கூடவே இருந்தாரு. ராத்திரி பூரா அவருதான் உக்காந்து கரி போடுவாரு. நான் கண் அசந்துட்டா எழுப்ப மாட்டாரு. அவ்வளவு ஆசை அவருக்கு. தணல் கொஞ்சம் சாம்பல் பூத்தா ஊதி ஊதி சிவக்க வெப்பாரு. மாதம்மா அண்ணி வந்து பாத்துட்டு, "டேய், நீ என்ன புள்ளைக்குக் கணப்பு போடறியா, செங்கல் சூளை போடறியா"ன்னு கேட்டாங்க. அவரு, "குளிருதுக்கா, பாரு, கை எப்படிச் சுருட்டி வெச்சிருக்கான்"ன்னாரு. பிள்ளைங்க கை சுருட்டித்தானே வெச்சிருக்கும்.

அவன் கன்னமெல்லாம் சிவந்து கிடந்துச்சு. நல்லா ரத்தம் ஊறுதுன்னாங்க அண்ணி. பாலுக்குக்கூட அழ மாட்டான், தூங்கிக்கிட்டே இருப்பான். எவ்வளவு சமத்துன்னு நான் பூரிச்சுப் போயிட்டேன். அப்புறம் ஒரு நாள் தொட்டா உடம்பு கொதிக்குது. குளிர் ஜுரம்னு நினைச்சு அவரு இன்னும் ஒரு கை கரி அள்ளிப் போட்டாரு, அவரோட கம்பளியையும் எடுத்து மேல போத்தினாரு. சட்டிய இன்னும் கொஞ்சம் கிட்ட நகத்தி வெச்சாரு. அவரால ஆனதெல்லாம் செஞ்சாருக்கா, அதுல குத்தம் சொல்ல முடியாது. விடிஞ்சதும் கீழ கொண்டு போனோம்.

டாக்டரம்மா அவர மட்டும் தனியா உள்ள கூப்பிட்டாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், மடியில அவன் போத்தியிருந்த கம்பளி. வெளிய வந்தவர, "என்ன சொன்னாங்க"ன்னு கேட்டேன். "ஜுரம்"னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் அந்த ஒரு வார்த்தைக்கு மேல அவரு அதப் பத்திப் பேசல. டாக்டரம்மா என்னப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கணும். அம்மாவுக்குப் பால் பத்தல, அம்மா கவனிக்கல, இந்த மாதிரி. இல்லன்னா எதுக்கு அவர மட்டும் கூப்பிடறாங்க, சொல்லுங்க.

எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணதும் அவரும் எங்க மாமனாரும்தான். பொம்பளைங்க போகக்கூடாது. எந்த இடம்னுகூட எனக்குத் தெரியாது. மாமாகிட்ட கேட்டா, "ரோட்டோரமா ஒரு நல்ல இடம்மா, நிழலான இடம், விடு"ன்னாரு.

அதுலேருந்து அவரு மாறிட்டாரு. வந்ததும் முதல் வேலையா அந்தக் கணப்புச் சட்டியத் தூக்கிட்டுப் போனாரு. எங்கன்னு கேட்டேன், உடைஞ்சிடுச்சுன்னாரு. எங்க வீட்டுக் கொல்லையில கருங்கல் கிடக்கு இல்ல, அதுக்குப் பின்னால பாத்தேன். கை தவறி உடைஞ்ச சட்டி நாலு துண்டாத்தான் இருக்கும். அது மாவு மாதிரி கிடந்துச்சுக்கா. எங்கம்மா வீட்டுச் சீரு. அது மேல அவருக்கு அவ்வளவு ஆத்திரம். என் மேல காட்ட முடியாதத அது மேல காட்டிட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன்.

போன மார்கழி முழுக்க வீட்டுல நெருப்பே இல்ல. சமையல் ஆனதும் அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சிடுவாரு. மோனிஷா மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரியறா, "கொஞ்சம் கரியாவது போடுங்க"ன்னா, ரெண்டு ஸ்வெட்டர் வாங்கிட்டு வந்து குடுத்தாரே ஒழிய கரி மட்டும் கூடாது. சுடுதண்ணி வெச்சா அதுல குளிக்க மாட்டாரு. அந்தக் குளிர்ல பச்சைத் தண்ணி. களிய ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் சாப்பிடுவாரு. ஒரு நேரம் நல்லாத்தான் இருப்பாரு, பொண்ண முதுகுல ஏத்திக்கிட்டு யானை விளையாடுவாரு. திடீர்னு முகம் ஒரு மாதிரி சுண்டிப் போயிடும். விளக்கு மேல யாரோ கை வெச்ச மாதிரி. கொஞ்ச நேரம். அப்புறம் சரியாயிடும். கேட்டா தலைவலின்னுவாரு. தலைவலி எனக்குத்தான் வரணும்.

நேத்து வளைவுல வண்டிய நிறுத்தினாரா? அந்தப் பெரிய புங்கமரம் இருக்கே, அங்க. நிறுத்தியிருப்பாருன்னு தெரியும். எல்லாரும் சொல்லுவாங்க. இன்ஜின் சூடாகுதாம், தண்ணி ஊத்தணுமாம். புது வண்டிக்கா அது, போன வருஷம்தான் ஆபீஸ்ல வாங்கினாங்க, அதுக்கு எப்படி சரியா அதே இடத்துல சூடாகுதுன்னு முனிரத்தினம் அண்ணன் கேப்பாரு.

பானெட்டத் தொறக்கலயா? தண்ணிக் கேன எடுத்துட்டு மரத்துக்குப் பின்னால இறங்கினாரா?

ஓ. வேற ஒண்ணும் இல்லக்கா, ஒண்ணுக்குப் போயிருப்பாரு. லேடீஸ் இருக்கீங்கன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இன்ஜின் மேல பழியப் போட்டிருப்பாரு. அவருக்கும் என்னய மாதிரி வெக்கம் ஜாஸ்திதான்.

டீ ஆறிடப் போவுது.

உங்களுக்கு ஹேமலதா மேடம் தெரியுமா? பெங்களூர்லேருந்து வருவாங்க, குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு. தெரியுமா. அவங்கதான் என்கிட்ட உக்காந்து பேசின முதல் ஆளு, ரெண்டாவது நீங்க. கார்த்திகையில வந்திருந்தாங்க. ஒரே மூட்டம், மழை. மேகம் இருந்தா உங்களுக்கெல்லாம் வேலை ஓடாது இல்ல, ஒரு வாரம் சும்மாவே இருந்தாங்க. பொழுது போகாம இங்க சமையக்கட்டுக்கு வந்துடுவாங்க. நான் பூரி போட்டுட்டிருந்தேன். அவங்க எதப் பாக்க வந்திருக்காங்கன்னு கேட்டேன். எனக்கு எப்படித்தான் கேக்கத் தோணுச்சோ.

ஒரு கிரகம்னாங்க. எங்களுக்குக் கிரகம்னா சனி, ராகு, கேதுதான். "அது யாரு ராசியில உக்காந்திருக்கு மேடம்"னு கேட்டுட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதும் எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவங்க எழுந்து வந்து தோள்ல கை வெச்சு, "அது ரொம்ப தூரம் ஜெயக்கொடி. வேற சூரியனோட கிரகம். யாருக்கும் கெடுதல் பண்ணாது"ன்னாங்க.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் நான் சரியாப் புரிஞ்சிக்கிட்டேனான்னு பாருங்க. நம்ம பூமி சூரியன்கிட்டேருந்து எட்டத்துல இருக்கு. அந்தக் கிரகம் அப்படி இல்ல. அதோட சூரியன ஒட்டியே கிடக்குது. மூணு நாள்ல ஒரு சுத்து சுத்தி வந்துடும். அங்க அதுதான் ஒரு வருஷம். அது நம்ம பூமியவிட எத்தனையோ மடங்கு பெருசு, ஆனா மண்ணு, கல்லு ஒண்ணும் கிடையாது, எல்லாம் காத்துதான். நிக்கறதுக்குத் தரையே இல்ல. எண்ணெயில உப்பிக்கிட்டு நின்ன பூரியக் காட்டினாங்க. "இது மாதிரிதான். சூட்டுல உப்பிடுச்சு. பாக்கப் பெருசு, உள்ள கனம் இல்ல"ன்னாங்க. அந்தப் பூரிய அப்புறம் எனக்குத் தட்டுல போட மனசு வரல.

"மேடம், அத நீங்க பாத்திருக்கீங்களா"ன்னு கேட்டேன். யாருமே பாத்ததில்லையாம். இவ்வளவு பெரிய டெலஸ்கோப் வெச்சுக்கிட்டும் தெரியாதாம். அந்தச் சூரியனுக்கு முன்னால அது குறுக்க வர்றப்ப வெளிச்சம் துளி குறையுமாம், நகத்தளவு. அப்புறம் சரியாயிடுமாம். அவ்வளவுதானாம். "அது போதும் ஜெயக்கொடி. வெளிச்சம் குறையுது இல்ல? அங்க ஒண்ணு இருக்குதுன்னு அர்த்தம். அந்தச் சூரியனுக்கு ஒரு கிரகம்னு கணக்குல எழுதிடுவோம்"னாங்க.

கண்ணால பாக்காதத எல்லாம் கணக்குல சேத்துக்கறாங்க. நாங்க பாத்து, தூக்கி, பால் குடுத்தவன் கணக்குல இல்ல. எனக்குப் பூரி கருகறதுகூடத் தெரியல. முனிரத்தினம் அண்ணன் வந்து, "ஏம்மா, மேடத்துக்குக் கிரகத்தோட கலரும் காட்டறியா"ன்னு கேட்டாரு.

அன்னிக்கு எனக்கு ஒரே ஆசை, இத அவருகிட்ட சொல்லணும்னு. ரொம்ப நாளா எங்களுக்குள்ள பேச்சே இல்ல. உப்பு வேணும், சோப்பு தீந்துடுச்சு, இவ்வளவுதான். அவரு டெலஸ்கோப் ஆபீஸ்ல வேலை செய்யறாரே ஒழிய, உள்ள என்ன பாக்கறாங்கன்னு அவருக்கும் யாரும் சொன்னதில்ல. கணக்குல எழுதறாங்கன்னு சொன்னா, நான் என்ன கேக்க வர்றேன்னு அவருக்குப் புரியும்னு நினைச்சேன். நேரா கேக்க எனக்குத் தைரியம் ஏது.

சாயந்தரம் டூட்டிக்குப் போறதுக்கு முன்னால சாப்பிட உக்காந்தாரு. களி, கீரைக் குழம்பு. நான் எதிருல உக்காந்து ஆரம்பிச்சேன். "ஏங்க, ஒரு கிரகம் இருக்குதாம்"ன்னேன். "ம்"னாரு. கேக்கறாருன்னு சந்தோஷமாயிடுச்சு. பயந்தவ ஒரு தடவை வாயத் தொறந்தா நிறுத்தத் தெரியாதுன்னு எங்கம்மா சொல்லும், அது மாதிரி ஆயிட்டேன். சொல்லிக்கிட்டே போனேன். "நெருப்புகிட்டயே கிடக்குதாம்ங்க. ஒரே பக்கமாத்தான் நெருப்பப் பாத்துக்கிட்டு இருக்குமாம், திரும்பிப் படுக்கக்கூட அதால முடியாதாம். ஒரு பக்கம் வெந்துக்கிட்டே இருக்குமாம். சூட்டுல உடம்பு உப்பிப் போயி, தோலு ஆவியாட்டம் உரிஞ்சு உரிஞ்சு போகுதாம். நெருப்பு அத ஒண்ணும் வேணும்னே செய்யலயாம், ரொம்பக் கிட்ட இருக்குது, அவ்வளவுதானாம். பாவம் இல்ல"ன்னேன்.

வாயில வெச்ச உருண்டைய அவரு முழுங்கல. எழுந்துட்டாரு. தட்டுல பாதிக் களி அப்படியே கிடக்குது. வெளிய போயி குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னாரு. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? குடம் நிறையற அளவுக்குத் தண்ணி ஓடுது, அவரு கை ரெண்டையும் அதுக்குக் கீழ நீட்டிக்கிட்டே நிக்கறாரு. மோனிஷா போயி, "அப்பா, தண்ணி வீணாப் போவுது"ன்னு மூடிட்டு வந்தா. சாப்பாட்ட மூடி வெச்சிட்டு நான் குழம்ப எடுத்து நக்கிப் பாத்தேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு. அப்ப நான் பேசினதுதான் பிடிக்கல.

மறுநாளே சொல்லிட்டாரு. "இந்தப் பிரசவம் இங்க வேணாம். கீழ ரூம் பாக்கறேன். குழந்தை தேறி வரட்டும்"னாரு. குழந்தை பொறக்கப் போறது வைகாசியில. மார்கழி இல்ல, பனி இல்ல, மலையில அப்பதான் நல்லா இருக்கும், டவுன்காரங்க காசு குடுத்து வந்து தங்கறாங்க. அந்தச் சமயத்துல என்னய கீழ அனுப்பறாரு. ஆஸ்பத்திரிக்கு எதிருலயே ரூம். எங்கம்மா வந்து கூட இருக்கும். மாமா சொன்னாரு, ரூம் பாக்கப் போன இடத்துல எல்லாம் அவரு வேற எதையும் கேக்கலயாம், ஃபேன் ஓடுதா, ஜன்னல் எத்தனைன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாராம். போட்டுப் போட்டுப் பாத்தாராம். மலையில பொறந்து வளந்தவளுக்கு ஃபேன் எதுக்குக்கா?

மாதம்மா அண்ணிதான் புரிய வெச்சாங்க. "அனுப்பறவன் திரும்பக் கூட்டிட்டு வரணும்னு நினைக்கறானா பாரு. மேல தெரு பாப்பாத்திய இப்படித்தான் பிரசவத்துக்கு அனுப்பினான் அவ புருஷன், அவ பையன் இப்ப ஸ்கூலுக்குப் போறான், இன்னும் தாய் வீட்டுலதான்"ன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, மனசுல பட்டதச் சொல்லுவாங்க. எனக்கு அன்னிலேருந்து அதே நினைப்பு. இங்க என் துணி ரெண்ட வேணும்னே கொடியில விட்டுட்டுப் போறேன். புளிய வருஷத்துக்குக் காணற மாதிரி அடைக்கிறேன். இது இருந்தா, குழம்பு வெக்கறப்ப எல்லாம் என் கையத் தொட்ட மாதிரி இருக்கும் இல்ல. சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலயா. சரி.

ஏன்க்கா டீய அப்படியே வெச்சிட்டீங்க. ஆடை கட்டிடுச்சு. வேற போட்டுத் தரட்டுமா? வேணாமா.

டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா? அதான் சொன்னேனே, ஜுரம். வேற எனக்கு என்ன தெரியும். நீங்க ஏன் அதையே கேக்கறீங்க?

ஒண்ணும் இல்லன்னா சரி.

நான் ஒண்ணு நினைச்சிருக்கேன்க்கா. யாருகிட்டயும் சொல்லல. அன்னிக்கு அவரு பாதியில எழுந்து போயிட்டாரு இல்ல. முக்கியமானது எல்லாம் அதுக்கப்புறம்தான் வருது. வெளிச்சம் குறையறது, கணக்குல எழுதறது, எதையுமே அவரு கேக்கல. வெறும் சூட்ட மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு. முழுசாக் கேட்டா அவருக்கும் மனசு இளகும். வீட்டுல சொன்னா மறுபடியும் எழுந்து போயிடுவாரு. ஆனா இன்னிக்கு ஜீப்புல நான் முன்சீட்டுல உக்காந்து போறேன், மலை இறங்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், உங்களுக்கே தெரியும். வண்டி ஓட்டறவரு பாதியில எழுந்து போக முடியாது இல்ல. ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுத்தான் ஆகணும். முதல்லேருந்து சொல்லப் போறேன், ஒண்ணும் விடாம. அந்த வளைவுல நிறுத்துவாரு இல்ல, அங்க நிறுத்தினா இன்னும் நல்லதாப் போச்சு, அங்கயே வெச்சு முடிச்சிடுவேன். அது முடிஞ்சதும் கேட்டுடுவேன், "நம்ம பையன நீங்க கணக்குல சேத்துக்குவீங்களா"ன்னு. கேட்டுட்டா, அதுக்கப்புறம் அவரு என்னய எங்க விட்டாலும் பரவாயில்ல.

கேக்க எனக்கு வாய் வருமான்னுதான் தெரியல.

ஹாரன் கேக்குது. ஷெட்டுலேருந்து எடுத்துட்டாரு போல. இந்தக் கொஞ்சம் பழத்த முனிரத்தினம் அண்ணன்கிட்ட குடுத்துடறேன். கைய எதுலயாவது துடைச்சுக்கறேன், முந்தானை பரவாயில்ல.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம், நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். ஹேமலதா மேடம் சொன்னதுல ஒரு இடம் மட்டும் எனக்கு மறந்து போச்சு. அந்தக் கிரகம் முதல்ல அங்க பொறக்கலயாம். எட்டத்துல, நல்ல குளிர்லதான் பொறந்துச்சாம். அப்புறம்தான் உள்ள வந்துச்சாம். எப்படி வந்துச்சுன்னும் சொன்னாங்க, அதான் நினைவுல நிக்கல. அவரு இந்த மாதிரி இடத்துலதான் கேள்வி கேப்பாரு. கையப் பிடிக்காதீங்கக்கா, புளி ஒட்டிக்கும். என்ன, அழறீங்களா?

இருங்க, கூப்பிடறாரு. இதோ வரேங்க!

சீக்கிரம் சொல்லுங்கக்கா. குளிர்ல பொறந்தத நெருப்புக்கு அவ்வளவு கிட்ட கொண்டாந்து வெச்சது யாருன்னு அவரு கேட்டா, நான் என்னன்னு...